கரிப்பாலை முல்லையான வரலாறு

தோற்றுவாய்

தமிழிலக்கணம் அகத்திணைக்குரிய நிலங்களை வகுத்துரைக்கும்போது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கும் தனித்தனி இடம் காட்டும். ஐந்தாவதாகிய பாலைக்குத் தனக்கென ஓர் இடமில்லை. வெம்மை மிகுங்கால் முல்லையும் குறிஞ்சியுமே தம் நல்லியல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவங் கொள்ளும் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்திற் கூறியுள்ளார். எனவே பாலை என்பது ஒரு நிலத்திற்கு நேர்ந்த நிலையின் பெயரென்பது பெறப்படும். இக்கருத்தை நோக்குங்கால் ஒரு வினா இயல்பாக எழுகின்றது. முல்லை பாலையாகத் திரியுமெனின், பாலை மீண்டும் முல்லையாதல் கூடுமோ? கதிரவன் செய்த பாலையைக் கார்காலம் வந்து மாற்றிவிடும். மனிதன் செய்த பாலையை மாற்றுவார் யாவர்?

இவ்வினாவிற்கு விடை கூறத்தக்க ஓர் இடம் வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் உள்ளது. அபர்டேர் என்னும் ஊரை அடுத்த டேர்ப் பள்ளத்தாக்கு நாட்டுப்புறப் பூங்காவே அது. பல தலைமுறைக் காலம் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்து, அவற்றின் கழிவு மேடுகளாற் கறுத்துக் கிடந்த அவ்விடம், 1973 ஆம் ஆண்டில் மக்கள் உலாவும் பசும்பூங்காவாகத் திறக்கப்பட்டது. சுரங்க நிலத்தைத் திருத்தி வேல்ஸ் நாட்டில் அமைத்த முதல் நாட்டுப்புறப் பூங்கா இதுவே என்பர். அதன் பரப்பு ஏறத்தாழ 500 ஏக்கர்.

நாட்டுப்புறப் பூங்கா என்பது யாதென ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். 1968 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற்கும் வேல்ஸிற்குமாக இயற்றப்பட்ட நாட்டுப்புறச் சட்டம், இத்தகைய பூங்காக்களை அமைக்கும் உரிமையை ஆங்காங்குள்ள உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. நகரத்துப் பூங்காவிற் போலப் பாத்தி கட்டி மலர்ச்செடி வளர்ப்பதை இவை நோக்கமாகக் கொண்டனவல்ல. ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்துக் களைத்த மக்கள், நெடுந்தொலைவு பயணஞ் செய்யாமலே காடும் புல்வெளியும் நீர்நிலையும் கண்டு, காலார நடந்து மீளுதற்குரிய இடங்களாக இவை அமைந்தன.

யாம் அந்நாட்டைக் கண்ணாற் கண்டிலேம். நூல்களாலும் படங்களாலும் அறிந்தவற்றையே தொகுத்துரைக்கின்றேம். எனினும் நம் கல்லூரியிற் பயின்று மேல்நாடு சென்று வாழ்வாரும், இனிச் செல்லவிருப்பாரும் பலராதலின், அத்தகைய பூங்கா ஒன்றினுட் புகுவோர் எதனை எவ்வாறு காணல்வேண்டும் என்பதை இக்கட்டுரையின் பொருளாகக் கொண்டேம். பசுமை கண்டு மகிழ்தற்குப் பயிற்சி வேண்டுவதில்லை. அப்பசுமையின் அடியிற் கிடப்பதனைக் காண்டற்கோ சிறிது பயிற்சி வேண்டும்.

பெயர் காத்த மரம்

ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். டேர் என்பது ஒரு சிற்றாறு. அது கனன் என்னும் ஆற்றோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் அபர்டேர். வேல்ஸ் மொழியில் ‘அபர்’ என்னும் சொல், ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடேனும் கடலோடேனும் சேருமிடத்தைக் குறிக்கும். நாம் கூடல் என்றும் புகார் என்றும் வழங்கும் இரு சொற்களின் பொருளும் அவ்வொரு சொல்லில் அடங்கும். ஆற்றின் பெயரோ அம்மொழியில் ‘டார்’ என்று ஒலிக்கும். ஓக் மரத்தைக் குறிக்கும் பழஞ்சொல் அது. நம் தமிழ் வேதாகமத்திற் கர்வாலி மரம் என வருவது இம்மரமே. ஆகவே, அபர்டேர் என்பதனைக் கர்வாலிக் கூடல் என்று தமிழாக்கினாற் பொருந்தும்.

ஊர்ப்பெயர்கள் பழைய நிலத்தின் சாட்சிகளாகும். மரம் வெட்டுண்டு, ஆறு கறுத்து, மலைச்சரிவு கழிவுக்குவியலான காலத்திலும், அவ்வூரார் நாள்தோறும் தம் ஊர்ப்பெயரைச் சொல்லுந்தோறும் அம்மரத்தின் பெயரைத் தம்மையறியாமலே சொல்லி வந்தனர். 1801 ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் அபர்டேர் வட்டத்தில் வாழ்ந்தோர் 1,486 பேர். உழவும் ஆடு மேய்த்தலுமே அவர்களிற் பெரும்பாலோர்க்குத் தொழில். நம் வழக்கிற் கூறின், குறிஞ்சியும் முல்லையும் மயங்கிக் கிடந்த நிலம் அது. ஐம்பது ஆண்டு கழிந்து, 1851 ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில் அவ்வெண் 14,999 ஆயிற்று. ஒரு தலைமுறையும் அதன் மக்கட்டலைமுறையும் வாழ்வதற்குள் சிற்றூர் பத்து மடங்கு பெருத்தது. இம்மாற்றத்தைச் செய்தது கரி.

கரியின் வரவு

நிலக்கரியும் ஒரு காலத்திற் காடாயிருந்ததே. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகட்கு முன்னர்ச் சதுப்பு நிலங்களிற் செழித்திருந்த மரஞ்செடிகள் நீரிலும் சேற்றிலும் புதையுண்டு, மேலே படிந்த மண்ணின் பாரத்தாலும் நிலத்தின் வெப்பத்தாலும் இறுகிக் கரியாயின. மறைந்த காடு மண்ணின்கீழும், வாழுங்காடு மண்ணின்மேலுமாக அந்நிலம் இருந்தது. கீழுள்ள காட்டை எடுப்பதற்கு மேலுள்ள காட்டை அழித்தனர் என்பதே அப்பள்ளத்தாக்கின் பிற்கால வரலாற்றுச் சுருக்கம்.

1837 ஆம் ஆண்டில் அபர்டேரை அடுத்த கூம்பாக் என்னுமிடத்தில் நீராவிக்கரி எடுக்கும் சுரங்கம் தோண்டப்பட்டது. புகை குறைந்து வெம்மை மிகுந்த அக்கரி நீராவிக் கப்பல்களுக்கு மிகவும் ஏற்றதாயிற்று. பிரிட்டிஷ் கடற்படையும் வாணிகக் கப்பல்களும் அதனை நாடின. ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் எழுந்தன. டேர்ப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் மதிலைப்போல் நிற்கும் புல்வா என்னும் பாறைச்சரிவின் அடிவரையிலும் அவை பரவின. 1913 ஆம் ஆண்டில் தென் வேல்ஸ் முழுவதிலும் எடுத்த கரி ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் டன் ஆகும்.

அக்கரிக்கு ஈடாக மக்கள் கொடுத்தது சிறிதன்று. 1842 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரையில் ஆறேழு வயதுச் சிறார் சுரங்கத்தினுள் இருளில் அமர்ந்து, வண்டி வருந்தோறும் காற்றுக்கதவைத் திறந்து மூடும் வேலையைச் செய்து வந்தனர். அச்சட்டம் பத்து வயதிற்குட்பட்ட சிறுவரும், எவ்வயதுப் பெண்டிரும் நிலத்தின்கீழ் வேலை செய்தலைத் தடுத்தது. அதற்குப் பின்னரும் ஆடவர் உயிர் காப்பற்றதாகவே இருந்தது. 1913 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் செங்கெனித் என்னும் ஊரின் சுரங்கத்தில் தீவாயு வெடித்து 439 தொழிலாளர் மாண்டனர்.

இத்தகைய வாழ்விலும் அம்மக்கள் தம் மொழியையும் பாட்டையும் ஆலயத்தையும் கைவிட்டாரல்லர். கவிஞரும் இசைவாணரும் கூடிப் பரிசில் பெறும் ‘ஐஸ்டெத்வொட்’ என்னும் அவைக்கூட்டம் நாட்டுப் பெருவிழாவாக முதன்முதல் நடைபெற்றது 1861 ஆம் ஆண்டில் இவ்வபர்டேரிலேதான். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கரித்தூசி படிந்த கையினர் கவியரங்கு கூட்டிய இச்செய்தி உவகை தரும்.

இனிக் கழிவைப்பற்றிக் கூறுவோம். சுரங்கத்தினின்று வெளிவருவது கரி மட்டுமன்று. வழி குடையும்போது வெட்டிய பாறை, கரியோடு கலந்துவந்த களிக்கல், கரியைக் கழுவியபின் எஞ்சிய குழம்பு ஆகியவையும் மேலே வந்து குவியும். தென் வேல்ஸின் பள்ளத்தாக்குகள் மிகவும் குறுகியன. அடியிலிருந்த சிறிதளவு சமநிலத்தை இருப்புப்பாதையும் வரிசை வீடுகளும் கொண்டுவிட்டன. ஆதலின் கழிவினைத் தண்டவாள வண்டிகளாலும் கம்பித் தொங்குவழிகளாலும் மலைமேல் ஏற்றி, ஊரின் தலைக்கு நேரே கொட்டினர். ஆண்டுகள் செல்லச்செல்ல மலைக்குமேல் மலையாக அவை வளர்ந்தன.

மேடு சரிந்த நாள்

டேர்ப் பள்ளத்தாக்கு ஏன் திருத்தப்பட்டது என்பதை அறிய விரும்புவார் அபர்டேரை விட்டு, ஒரு மலைத்தொடரைக் கடந்து, அடுத்த பள்ளத்தாக்கிற்கு வரல்வேண்டும். டாஃப் என்னும் ஆற்றின் கரையிலுள்ள அவ்வூரின் பெயர் அபர்வான். மெர்தர் வேல் என்னும் சுரங்கத்தின் கழிவுகள் அவ்வூருக்கு மேலுள்ள மலைச்சரிவில் ஏழு மேடுகளாகக் குவிக்கப்பட்டிருந்தன. ஏழாவது மேடு 1958 ஆம் ஆண்டிற் கொட்டத் தொடங்கியது. அது நின்ற இடத்தின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. மலையினின்று கசியும் நீர் மேட்டின் அடியை நனைத்துக்கொண்டேயிருந்தது.

பள்ளியின் பின்புறத்தே கரிக்குழம்பு கொட்டப்படுவதால் இடையூறு நேரக்கூடுமென 1963 ஆம் ஆண்டிலேயே ஊர்மன்றப் பொறியாளர் எழுத்துமூலம் தெரிவித்திருந்தார். சுரங்கங்களின் உரிமையுடைய தேசிய நிலக்கரி வாரியம் கொட்டுதலை நிறுத்தவில்லை. 1966 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள் வெள்ளிக்கிழமை காலை, ஒன்பதே கால் மணியளவில், 111 அடி உயர்ந்திருந்த அம்மேடு நீருண்டு குழம்பாகி, மலைச்சரிவில் ஆறுபோற் பாய்ந்து, பான்ட்கிளாஸ் சிறுவர் பள்ளியின்மீதும் அருகிருந்த வீடுகளின்மீதும் வீழ்ந்தது. இடைப்பருவ விடுமுறைக்கு முன்னர்ப் பள்ளி நடைபெறுங் கடைசி நாள் அது. பிள்ளைகள் வகுப்புக்களிற் புகுந்திருந்த வேளை. மாண்டோர் 144 பேர்; அவருள் 116 பேர் குழந்தைகள். தம் மக்களைத் தோண்டியெடுக்கக் கையில் மண்வெட்டியோடு ஓடி வந்தவருட் பலர், அன்று காலை அதே சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த தந்தையர்.

எட்மண்ட் டேவிஸ் என்னும் நீதிபதியின் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம் 1967 ஆம் ஆண்டில் தன் முடிபை வெளியிட்டது. அந்நீதிபதி அபர்டேரை அடுத்த ஊரிற் பிறந்தவர். அம்மலைகளை இளமை முதல் அறிந்தவர். பழி நிலக்கரி வாரியத்தினுடையதே என்று அம்மன்றம் கூறிற்று. தீங்கு செய்யும் எண்ணத்தால் இது விளையவில்லை. அறியாமையாலும், திறமைக் குறைவாலும், சொல்லத் தக்கதை உரியவர்க்குச் சொல்லாமையாலும் விளைந்தது என்பதே அதன் கருத்து. யாரும் தண்டிக்கப்படவில்லை.

இதன் பின்னர் நிகழ்ந்த ஒன்று நெஞ்சை மேலும் வருத்துவது. எஞ்சிய மேடுகளையும் அகற்றவேண்டுமென்று பெற்றோர் மன்றாடினர். அகற்றும் செலவின் ஒரு பகுதியாக, துயருற்றோர்க்கென உலகத்தார் ஈந்த அறநிதியிலிருந்தே 150,000 பவுன் வாங்கப்பட்டது. பிள்ளைகளை இழந்தோர், அவர்களைக் கொன்ற மேட்டின் உடன்பிறப்புக்களை அகற்றுதற்குத் தாமே பொருள் கொடுக்க நேர்ந்தது. அத்தொகை 1997 ஆம் ஆண்டில் வட்டியின்றித் திருப்பியளிக்கப்பட்டது. அது போதாதென்றுணர்ந்த வேல்ஸ் அரசாங்கம் 2007 ஆம் ஆண்டில் மேலும் 20 இலட்சம் பவுன் அளித்தது. கடன் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இருபொருள் உண்டு. வாங்கியதைத் திருப்புதலும் கடன். செய்யத்தக்க கடமையும் கடன். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரேயாயினும், இவ்விரண்டும் ஒன்றே என்பதை அவ்வரசாங்கம் உணர்ந்தது.

அபர்வான் நிகழ்ச்சிக்குப் பின்னர், கைவிடப்பட்ட தொழில்நிலங்களைத் திருத்துதற்கெனத் தனிப்பிரிவு ஒன்று வேல்ஸ் ஆட்சி அலுவலகத்தில் நிறுவப்பெற்றது. கழிவு மேடுகளின் காப்புப்பற்றிய சட்டம் 1969 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. டேர்ப் பள்ளத்தாக்கின் திருத்தப் பணி இவ்வெழுச்சியின் தொடர்ச்சியிலே நடைபெற்றது. ஆதலின் அப்பூங்காவிலுள்ள பசுமைக்கு வித்திட்டது அழகுணர்ச்சி மட்டுமன்று. மலைக்கப்பால் ஒரு பள்ளியில் வீழ்ந்த இருளும் அதற்கு வித்தாகும்.

நிலந் திருந்திய முறை

கரிமேட்டின்மீது புல் தூவினாற் பசுமை வந்துவிடும் என்று கருதுவார் உளர். அஃது அத்துணை எளிதன்று. நிலத்தைத் திருத்துதலில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி வடிவு திருத்தல். செங்குத்தாக நின்ற மேடுகளைப் பெருங்கருவிகளால் வெட்டிச் சரித்து, மெல்லிய சாய்வாக்கினர். பழைய சுரங்க வாய்களை மூடி அடைத்தனர்.

இரண்டாம்படி நீர் திருத்தல். அபர்வான் கற்பித்த பாடம் இதுவே. கழிவினுள் நீர் தேங்கினால் அது பாரம் தாங்கும் வலியிழந்து குழம்பாகிவிடும். ஆகையால் ஊற்றுக்களைக் கண்டறிந்து வடிகால் அமைத்தலும், ஓடைகளுக்குக் கரை கட்டி நேரிய வழி வகுத்தலும் இன்றியமையாதன. டேர்ப் பள்ளத்தாக்கில் இன்று அன்னப்பறவையும் நீர்வாத்தும் நீந்தற்கேற்ற ஏரிகள் உள்ளன. அவை இப்பணியின்போது அமைந்தனவே.

மூன்றாம்படி மண் திருத்தல். இதுவே அரியது, நீண்ட காலம் வேண்டுவது. சுரங்கக் கழிவு, மண்போலத் தோன்றினும் மண்ணன்று. அதில் மக்கிய இலையில்லை, மண்புழுவில்லை, பயிருக்கு உணவாகும் நைட்ரஜன் மிகக் குறைவு. கருநிறத்ததாதலின் வெயிலைப் பருகிக் கோடையில் இளநாற்றைக் கருக்கிவிடும். இவை அனைத்தினும் கொடியது மற்றொன்றுண்டு. கழிவிற் கலந்துள்ள இரும்புக் கந்தகக்கல் காற்றும் நீரும் பட்டவுடன் சிதைந்து, கந்தகத் திராவகத்தை உண்டாக்கும். வேர் அதில் நில்லாது. இதனை மாற்றச் சுண்ணாம்பு இடுவர். ஒருமுறை இட்டதனால் வேலை முடிவதில்லை. உள்ளிருக்கும் கல் மேன்மேலும் சிதையச் சிதையப் புளிப்பு மீண்டும் மேலெழும். ஆண்டுகள் பல பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பிடல் வேண்டும். பெருவண்டிகள் ஏறியிறங்கிய நிலம் கல்போல் இறுகியும் விடும். அதனை ஆழக் கீறி நெகிழ்த்தாவிடில் மழைநீர் உட்புகாது.

இந்நிலையில் மனிதனுக்குத் துணைநிற்பன சில எளிய செடிகள். கிளோவர் என்னும் மூவிலைப் பூண்டின் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலத்திற்குத் தரும். நம் நாட்டு உழவர் நெல்லறுத்தபின் உளுந்தும் பயறும் விதைப்பதன் பயனும் இதுவே. ஆல்டர் என்னும் மரமும் இவ்வாறே செய்யவல்லது. பூர்ச்ச மரமோ, யாரும் நடாமலே, தன் மெல்லிய விதைகளைக் காற்றிற் செலுத்திக் கழிவு மேட்டில் முதலில் வந்து குடியேறும். இவை உதிர்க்கும் இலை மக்கி, ஆண்டிற்கு ஒரு மயிர்க்கனம் மண் உண்டாகிறது. பின்னரே பெருமரங்கள் வரும்; கர்வாலி மரம் வருவது அதற்கும் பிறகே.

லிவர்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிராட்ஷா என்பார் இத்துறையில் ஆராய்ந்த பேரறிஞர். உலோகச் சுரங்கக் கழிவின் நஞ்சைத் தாங்கிப் பல தலைமுறை வாழ்ந்த புல்வகைகள், அந்நஞ்சைப் பொறுக்கும் இயல்பைத் தம் வழித்தோன்றல்களுக்கும் தந்துவிடுகின்றன என்பதை அவரும் அவருடைய மாணாக்கரும் விளக்கினர். வேல்ஸ் நாட்டிலுள்ள கோகினன் என்னும் பழைய ஈயச் சுரங்கத்தில் வளர்ந்த புல்லினின்று தெரிந்தெடுத்த ஒரு வகைக்கு அவ்வூரின் பெயரையே இட்டனர். நலிந்த நிலத்தை ஆற்றும் மருந்து அந்நலிந்த நிலத்திலேயே முளைத்திருந்தது என்பது வியக்கத்தக்கது.

பூங்காவைக் காணுமாறு

இனி, அத்தகைய பூங்கா ஒன்றினுட் புகுவார் மூன்று வினாக்களை மனத்திற்கொண்டு நடத்தல் நலமென்று யாம் கருதுகின்றேம்.

முதல் வினா: நீர் எங்கிருந்து வந்து எங்கே போகின்றது? ஓடையின் ஓரத்தில் நின்று பார்க்க. கல்லிட்டுக் கட்டிய கரை தென்பட்டால், அது மனிதன் வகுத்த வழி. நீரின் அடியிற் செங்காவி நிறப் படிவு இருந்தால், பழைய சுரங்கத்தினின்று கசியும் இரும்புநீர் அங்குக் கலக்கின்றது என்று அறிக. வேல்ஸின் பல இடங்களில் இத்தகைய நீரைக் குளங்களிற் தேக்கி, நாணற்புதரினூடே மெல்லச் செலுத்தித் தெளிவித்த பின்னரே ஆற்றில் விடுகின்றனர். சுரங்கம் மூடியவுடன் அதன் செயல் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அந்நீரே சான்று.

இரண்டாம் வினா: என் காலடியில் உள்ளது மண்ணா, கழிவா? மழையரித்த ஒரு வழியோரத்தைக் குனிந்து பார்ப்பின், இரண்டு விரற்கிடைப் பசும்புல்லின்கீழ்க் கருங்கல் துணுக்குகள் பளபளக்கக் காணலாம். ஒரு மரத்தின் பருமையைக் கண்டு அதன் வயதை எண்ணினால், அது திருத்தத்தின்பின் வந்ததா, அதற்கு முன்னரும் தப்பி நின்றதா என்பது புலனாகும். நிமிர்ந்து நோக்கின் புல்வாப் பாறைச்சரிவு தோன்றும். பனியூழிக் காலத்துப் பனிப்பாளம் குடைந்த அச்சரிவில் வல்லூறும் அண்டங்காக்கையும் கூடு கட்டி வாழும். சுரங்கம் வருமுன் நின்ற அப்பாறையும், சுரங்கம் போனபின் வளர்ந்த இம்மரமும் ஒரே நோக்கில் அகப்படுமிடம் அப்பூங்கா.

மூன்றாம் வினா: இங்கு வேலை செய்தவர் யாவர்? சுரங்கத்தின் பெயரைத் தாங்கிய கல்லோ, வழிப்பெயரோ, பழைய தண்டவாளத் துண்டோ கண்ணிற் பட்டால், அங்கே நின்று படிக்க. இன்று மிதிவண்டியேறிச் சிறுவர் விளையாடும் இடத்தின் ஆழத்திலே, முன்னொரு நாள் அவர் வயதுச் சிறுவர் காற்றுக்கதவைத் திறந்துகொண்டு இருளில் இருந்தனர். புல் அவர்தம் நினைவை மூடிவிடலாகாது. புண் ஆறுதல் வேறு, புண்பட்ட செய்தியை மறத்தல் வேறன்றோ!

இவ்விடத்து எதிர்வழக்கு ஒன்றும் கூறற்பாலது. கறுத்த மேடெல்லாம் கெட்டதென்றும், பசுத்த நிலமெல்லாம் நல்லதென்றும் துணிந்துவிடலாகாது. திருத்தப்படாது விட்ட சில பழைய மேடுகளில், நலிந்த மண்ணையே விரும்பும் பாசிகளும் மலர்ப்பூண்டுகளும் வண்டினங்களும் குடிபுகுந்துள்ளன. அபர்டேரினின்று மலை கடந்தாற் சேரும் மேர்டி என்னும் ஊரின் பழைய கரிமேட்டில், பிரிட்டனில் அதற்குமுன் அறியப்படாத ஒரு சிறு மரவட்டையை அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளர் கண்டனர். எனவே எல்லா மேட்டையும் ஒரே வகைப் புல்லால் மூடிவிடுதலே திருத்தமாகாது. ஊருக்கு இடையூறானவற்றைத் தாழ்த்தலும், உயிர்கள் புகலடைந்தவற்றைப் பேணலும் ஆகிய இரண்டும் வேண்டும். எதனை எங்கே செய்வது என்பதை நிலத்தினிடமே கேட்டறிதல் வேண்டும்.

முடிவுரை

மனிதன் செய்த பாலை முல்லையாதல் கூடுமோ என்னும் வினாவிற்கு, டேர்ப் பள்ளத்தாக்கு கூடும் என்றே விடை கூறுகின்றது. ஆனால் கார்காலம் போலத் தானே வரும் மாற்றம் அன்று அது. சட்டமும் பொருளும் அறிவும் உழைப்பும் ஒருங்கு கூடிச் செய்தது. செய்த பின்னரும் காத்தல் வேண்டுவது. 2020 ஆம் ஆண்டு பிப்ரவரியிற் பெரும்புயல் மழையில் டைலர்ஸ்டவுன் என்னும் ஊருக்கு மேலிருந்த பழைய கரிமேடு சரிந்து, ஏறத்தாழ 60,000 டன் கழிவு ஆற்றை நோக்கி இறங்கியது. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. அதன் பின்னர்க் கணக்கெடுத்தபோது, வேல்ஸ் நாட்டிற் கைவிடப்பட்ட கரிமேடுகள் 2,500க்கு மேற்பட்டன என்று தெரியவந்தது. அவற்றைக் கண்காணித்தற்கு 2025 ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டமன்றம் புதுச்சட்டம் ஒன்றை நிறைவேற்றியுள்ளது. அபர்வான் நிகழ்ந்து ஏறக்குறைய அறுபதாண்டுகட்குப் பின்னரும் கடன் முற்றும் தீர்ந்தபாடில்லை.

திருமறையின் முதல் நூலில், ஆண்டவர் ஆதி மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது அவனுக்கு இரண்டு வேலைகள் கொடுத்ததாகக் காண்கின்றோம்: நிலத்தைத் திருத்துதல் ஒன்று, அதனைக் காத்தல் மற்றொன்று. அபர்டேரின் சுரங்க முதலாளிகள் நிலத்தினின்று எடுத்தலை மட்டுமே அறிந்திருந்தனர். அவர்க்குப் பின்வந்தோர் திருத்தலைக் கற்றனர். காத்தலை இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றனர். அம்மேடுகளின் அடியில் ஆண்டுதோறும் வடிகாலைச் சோதித்து, ஊற்றின் அளவைக் குறித்து, சரிவின் வெடிப்பை நோக்கிச் செல்லும் மனிதர்களின் பணி யார் கண்ணிலும் படாதது. எந்தப் பாராட்டுக் கூட்டத்திலும் பேசப்படாதது. அப்பள்ளத்தாக்குகளிற் பள்ளிமணி அடிக்கும்போது பிள்ளைகள் அச்சமின்றி வகுப்பிற் புகுவது அவர்களாலே.

நம்முள் எவரேனும் ஒருநாள் அப்பூங்காவின் ஏரிக்கரையில் நிற்க நேரின், நீரின் அழகைக் கண்டு மகிழ்வதோடு, அந்நீருக்கு வழிசெய்த கைகளையும், அவ்வழியின் தேவையை உலகிற்கு உணர்த்தி மாண்ட 116 சிறு பிள்ளைகளையும் ஒரு கணம் நினைப்பாராக.